பெட்டியில் திரும்பி வரும் இரண்டு விளக்குகள்

கம்போங் செனாரிங்,
கோலகங்சார்.
வியாழக்கிழமை காலை.

என் அன்பு மகள் சுராயாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவன் இட்ரிஸும் சளி இருமல் அண்டாமல் நல்லபடியாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே பனி விழத் தொடங்கிவிட்டது என்று போன வாரம் சொன்னாய், குழந்தைக்குக் காதை மூடாமல் வெளியே கூட்டிப் போகாதே. இங்கே மழை. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முட்டி வலி அப்படியேதான். எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை, மனதில்தான் எல்லாம். போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், சமாதானம் சொல்வாய், இட்ரிஸைத் திரைக்கு முன்னால் நிறுத்துவாய், நானும் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். இது சிரித்துவிட்டு வைக்கிற விஷயம் இல்லை. இந்தக் கடிதம் வருகிற பெட்டியைப் பிரித்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், என் காருக்கு நீ அனுப்பிய இரண்டு ஹெட்லைட்டையும் கழற்றித் திருப்பி அனுப்புகிறேன். அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது. அந்த வெளிச்சத்தால்தான் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு விற்கிற ஹம்தான் கால் முறிந்து படுத்திருக்கிறான். வண்டியை ஓட்டியது நான். அதை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை, போய்ச் சொல்லப்போகிறேன். முதலில் உனக்கு எழுதிப் பார்த்தால்தான் வாயில் வார்த்தை வரும் போலிருக்கிறது.

உன்மேல் கோபமா என்று கேட்டால், கொஞ்சம் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். பொழுது சாய்ந்தால் ரோட்டின் ஓரம் தெரியவில்லை என்று நான்தான் உன்னிடம் புலம்பினேன், இல்லை என்று சொல்லவில்லை. பழைய விளக்கு உத்தமம் என்றும் சொல்ல வரவில்லை. அது எரிகிறதா இல்லையா என்று இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் நீ அனுப்பிய அந்தப் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை. தேனீக்கூடு மாதிரி உள்ளே கட்டம் கட்டமாக ஏதோ, நடுவில் கறுப்பாக ஒரு முழி. என் மோரிஸ் மைனரின் வட்ட முகத்தில் அதை வைத்தால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டேன். அப்பாதான், பிள்ளை அவ்வளவு தூரத்திலிருந்து அனுப்பியிருக்கிறாள், மாட்டாமல் வைத்தால் மனசு நோகாதா என்றார். அதனால் லத்தீப்பின் பட்டறைக்குப் போனோம். அந்த இடத்தை நீ பார்த்திருக்கிறாய், இப்போது இன்னும் மோசம். தரையெல்லாம் கறுப்புப் பிசுக்கு, காப்பிக் கோப்பைக்குள் சிகரெட் துண்டு மிதக்கிறது, அதே கோப்பையை எனக்கு நீட்டி, ஊரே நர்ஸம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி ‘குடிங்க மிஸ்ஸி’ என்கிறான். இரண்டு நாள் லைட் எரியவே இல்லை. பழைய இங்கிலீஷ் வண்டியில் பேட்டரியைத் தலைகீழாகக் கட்டியிருப்பார்களாம், புது விளக்குக்கு அது ஒத்துவராதாம். பேட்டரியை மாற்றிக் கட்டி, டைனமோவைத் தட்டி எழுப்பி, மூன்றாம் நாள் பொழுது சாயும்போது எரிய வைத்தான். பட்டறையின் எதிரே இருந்த வாழைத்தோப்பு முழுக்க வெள்ளையாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பிணம் வைக்கிற அறையில் ஒரு குழல்விளக்கு இருந்ததே, அந்த வெள்ளை. ஈசல் வந்து மொய்த்துக் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. நான் எத்தனையோ பிரசவத்தில் முழங்கை வரை ரத்தத்தோடு நின்றவள், முகம் சுளித்தது கிடையாது, அந்த வெளிச்சத்தைப் பார்த்து முகம் சுளித்தேன். அப்போதே கழற்றச் சொல்லியிருக்கலாம். ஆனால் ரோடு நன்றாகத் தெரிந்தது, சுராயா. ஓரத்தில் படுத்திருக்கிற பூனையின் மீசை வரைக்கும் தெரிந்தது. அதில் மயங்கிவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததைத்தான் எழுதக் கூசுகிறது. நம் பக்கத்தில் பழைய வண்டிக்காரர்கள் எதிர் எதிரே வந்தால் லைட்டைச் சிமிட்டிக் கையைத் தூக்குவது உனக்குத் தெரியும். சின்ன வயதில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நீதான் கையைத் தூக்குவாய். நான் காலடியில் இருக்கிற பொத்தானை மிதித்து மிதித்து விடுவேன், லைட் ஏறி இறங்கும், நீ சிரிப்பாய். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நம் வண்டி பின்னால் புர்புர் என்று வயிறு கெட்டவன் மாதிரி ஒரு சத்தம் விடுமே, அதற்கு இன்னும் சிரிப்பாய். அந்தச் சத்தம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சரி, புது லைட் மாட்டிய முதல் வாரத்திலிருந்தே எதிரே வருகிறவர்கள் எல்லாம் எனக்கு லைட்டைச் சிமிட்டத் தொடங்கினார்கள். பழைய வண்டிக்காரர்கள் மட்டும் இல்லை. பள்ளிக்கூட வேன், டாக்சி, மோட்டார் சைக்கிள், எண்ணெய்ப் பனைக் குலை ஏற்றுகிற லாரி, எல்லாரும். எனக்கு ஒரே பெருமை. முப்பது வருஷம் இந்த ரோட்டில் பிள்ளைப்பேறு பார்க்கப் போய் வந்தவள், வண்டியும் இப்போது புது மாப்பிள்ளை மாதிரி மின்னுகிறது, ஜனங்கள் மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்தேன். அப்பாவிடம் வாய்விட்டே சொன்னேன், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை என்று யார் சொன்னது என்று. ஒருவன் சிமிட்டினால் நானும் பொத்தானை மிதித்து முழு வெளிச்சத்தையும் அவன் முகத்தில் இரண்டு தரம் அடித்துவிட்டுக் கையை ஆட்டுவேன். ஒரு வேன்காரன் கண்ணாடியை இறக்கி என்னவோ கத்திக்கொண்டு போனான், அதையும் வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன். ஆண்டவனே, என்ன பிறவி நான்.

மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க டவுன் கிளினிக்குக்குப் போனோம். காலைத் தொழுகையை முடித்துக் கிளம்பினோம், இன்னும் வெளுக்கவில்லை. பழைய ரப்பர் ஆலை வளைவில் எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. இரண்டு தரம் லைட்டைச் சிமிட்டியது. அப்பா, ‘இவன் எதுக்கு உனக்குக் கண்ணடிக்கிறான்?’ என்று கேட்டார். நான், காலை வணக்கம் சொல்கிறான் என்று சொல்லிவிட்டுப் பொத்தானை இரண்டு தரம் மிதித்து, கையைத் தூக்கிவிட்டுப் போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்த பிறகுதான் சேதி, ஹம்தான் ஆலை வளைவில் வாய்க்காலில் விழுந்துவிட்டான், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மணிக்கட்டும் போய், ஒருமணி நேரம் தண்ணீரில் கிடந்திருக்கிறான் என்று. விற்கக் கொண்டுபோன எண்பது பொட்டலம் சோறும் வாய்க்காலில். உடும்பு வந்து தின்றதாம். நான் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவன் இரண்டு பிள்ளைகளையும் கையில் வாங்கியவள் நான், ஓடாமல் இருப்பேனா. அவன் சொன்னான், ‘எதிர்ல ஒரு வெள்ளை லைட்டு மிஸ்ஸி, ரோடே தெரியல. இறக்குன்னு ரெண்டு தடவ அடிச்சுக் காட்டுனேன். இறக்காம இன்னும் ஏத்திட்டுப் போனாங்க’ என்று. அதைக் கேட்டு எனக்கு வந்த அருவருப்பு இருக்கிறதே. இப்படியும் ஒரு ஜென்மமா, கெஞ்சுகிறவன் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போகிற ஜென்மம், அது பிறந்தபோது தொப்புள் அறுத்த கை நல்லவேளை என் கையாக இருக்காது என்று அந்த வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். ஹம்தான் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டான். அவன் பெண்டாட்டி சவுடா எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அதோடு விட்டேனா, இல்லை. காய்கறி லாரி கொண்டுவருவானே கோக் வெங், அவன் லாரியின் நெற்றியில் வரிசையாக வெள்ளை விளக்கு மாட்டி வைத்திருக்கிறான், எனக்கு அது என்றைக்குமே பிடிக்காது. அவன்தான் என்று சொன்னேன். சந்தேகமாகச் சொல்லவில்லை, பார்த்த மாதிரி சொன்னேன். ஹம்தான், ‘பெரிய வண்டி இல்ல மிஸ்ஸி, சத்தம் சின்னதா இருந்துச்சு’ என்றான். நான் விடவில்லை. கண் கூசினவனுக்குக் காது மட்டும் சரியாகக் கேட்குமா, நீ சும்மா படு என்று அடக்கிவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் இரண்டு தரம் போய் அதையே சொன்னேன். கடைத்தெருவில் போய் ஒவ்வொரு கடையாக ஏறினேன். மிஸ்ஸி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று யாரும் கோக் வெங்கிடம் கீரைக்கட்டு கூட இறக்கவில்லை. பத்து நாளாக அவன் லாரி வந்து, நின்று, அப்படியே திரும்பிப் போகிறது. இனி அவன் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று முடிவு செய்ய நாளை மறுநாள் சனிக்கிழமை கடைக்காரர்கள் கூடுகிறார்கள். கூட்டத்தைக் கூட்டச் சொன்னதும் உன் அம்மாதான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை பொழுது சாயும்போது, மழைத்தூறல், நம் சின்னப் பள்ளிவாசல் சூராவில் தொழுகை முடித்துவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். அப்பா எனக்காக வண்டியை எடுத்துக்கொண்டு எதிரே வந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. நம் வண்டியை நான்தானே எப்போதும் ஓட்டுகிறேன், எதிரே நின்று அதைப் பார்த்ததே இல்லை. திடீரென்று முகத்தில் வெள்ளையாக ஒன்று அறைந்தது. ரோடு இல்லை, என் கை இல்லை, ஒன்றுமே இல்லை. கண்ணை மூடினால் மூடிய இமைக்குள்ளும் வெள்ளை. கால் வழுக்கி ஒரு செருப்பு வாய்க்காலுக்குள் போய்விட்டது. நான் தொழுகை உடுப்போடு நின்றுகொண்டு எந்த நாய்க்குப் பிறந்தவன் இது, இறக்குடா லைட்டை என்று கத்தினேன். வண்டி வந்து பக்கத்தில் நின்றது. புர்புர். உன் அப்பா கண்ணாடியை இறக்கி, ‘ஏறு கம்சியா, நனையாத’ என்றார். நான் ஏறவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்று அந்த இரண்டு முழியையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா இறங்கி வந்து என்னைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், அந்த மனிதருக்கும் ஆலை வளைவு ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு பேரும் வீடு வரை வண்டியைத் தள்ளாத குறையாக, லைட்டை அணைத்துவிட்டு ஊர்ந்து வந்தோம்.

மறுநாள் லத்தீப்பை வரச்சொல்லி சூராவின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி லைட்டைப் போடச் சொன்னேன். இடது பக்கம் வெளிச்சம் இடுப்புயரத்தில் ஒழுங்காகப் படிந்து நின்றது. வலது பக்கம் மட்டும் படிக்கட்டு ஏறுகிற மாதிரி மேலே மேலே ஏறி ஒரு ஆள் தலைக்கு மேல் போயிற்று. நாம் இடது பக்கம் போகிறவர்கள். வலது பக்கம் என்றால் எதிரே வருகிறவன் முகம். லத்தீப் தலையைச் சொறிந்தான். ‘நான் உசரம் பாத்து சரியாத்தான் வெச்சேன் மிஸ்ஸி. ஆனா இது வலது பக்கம் போற ஊருக்குச் செஞ்ச லைட்டு போல. அங்க ஓரத்துல நடக்குறவன் தெரியணும்னு வலது பக்கம் தூக்கி வெச்சிருப்பான்’ என்றான். அது மாட்டும்போதே தெரியாதா என்று கேட்டதற்கு, ‘நான் பகல்ல மாட்டுனேன், வாழைமரத்துல அடிச்சுப் பாத்தேன்’ என்கிறான். அப்பா வீட்டுக்குள் போய்ப் பெட்டியைத் தேடி எடுத்து வந்தார். அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் போட்டிருக்கிறது, ரோட்டின் வலது பக்கம் ஓட்டுகிற நாடுகளுக்கு மட்டும் என்று. பேப்பரில் காணாமல் போன மாட்டு விளம்பரம் வரை படிக்கிற மனிதர் அதைப் படிக்கவில்லை. நான் படிக்கவில்லை. லத்தீப் படிக்கவில்லை. நீ எஞ்சினியர், நீயும் படிக்கவில்லை. அந்தக் கோபம்தான் உன்மேல், இப்போது சொல்லிவிட்டேன், முடிந்தது.

மற்ற எல்லாம் என்மேல்தான். விளக்கு தெரியாமல் மாட்டியது. ஆனால் இத்தனை பேர் லைட்டை அடித்து அடித்துக் காட்டியும், அம்மா கண் போகிறது என்று கெஞ்சியும், அத்தனையையும் எனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தேனே, அதை எந்த விளக்கின்மேல் போடுவேன். அடுத்தவன் தலையில் பழியைப் போட்டு அவன் சோற்றில் மண் அள்ளிப் போட்டேனே. என் வாயை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நேற்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் ஒரு கெட்ட நினைப்பும் வந்தது, உன்னிடம் மறைக்கமாட்டேன். விளக்கைக் கழற்றியாயிற்று, யாருக்கும் தெரியாது, லத்தீப் வாயைத் திறக்கமாட்டான், ஹம்தான் வீட்டுக்கு வேண்டியதைச் செய்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாமே என்று. இந்த ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவள், என்னை ஒரு மாதிரி பார்ப்பார்களே என்று. ஆனால் சனிக்கிழமை வந்துவிட்டால் கோக் வெங் போய்விடுவான். அவனுக்கும் மூன்று பிள்ளை. அதனால் நாளைக்கே ஹம்தானிடம் சொல்லியாகவேண்டும், சனிக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லியாகவேண்டும். அப்பாவும் வருகிறேன் என்கிறார். ஹம்தான் வீட்டுக்கு வேண்டாம், நான் தனியாகப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதை இங்கே நிறுத்துகிறேன். பெட்டியை ஒட்டவில்லை. நடந்ததை எழுதிச் சேர்த்துத்தான் அனுப்புவேன்.

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், திங்கட்கிழமை. நடுவில் நீ இரண்டு தரம் போன் செய்தாய், நான் மழை, முட்டி வலி என்று மழுப்பினேன், மன்னித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை போனேன். நடந்தே போனேன், வண்டி எடுக்க மனசு வரவில்லை. ஹம்தான் கூடத்தில் கட்டிலில் காலை உயரத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தான். சவுடா மிளகாய்ச் சம்பல் வதக்கிக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. அது லாரி இல்லை ஹம்தான், நான்தான், என் வண்டிதான் என்று சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துப் போனேன், அழவில்லை. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. ஹம்தான் என்னைப் பார்க்காமல் மேலே பார்த்துக்கொண்டு சொன்னான், ‘தெரியும் மிஸ்ஸி. அந்த புர்புர் சத்தம் இந்த ஊர்ல வேற எந்த வண்டிக்கு இருக்கு’ என்று.  தெரிந்துமா நான் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாய் என்றேன். ‘என் ரெண்டு புள்ளையையும் எடுத்த கை. எப்படிச் சொல்றது? லாரி இல்ல, லாரி இல்லன்னு சொல்லிப் பாத்தேன். நீங்க விடல’ என்றான். பிறகு அவனே சொன்னான், ‘இங்க ரெண்டு தடவ வந்தீங்கல்ல, பொழுது சாஞ்சு. ஒவ்வொரு தடவையும் வாசல்ல அந்தச் சத்தம் கேக்கும், ஜன்னல் வழியா அந்த வெள்ளை உள்ள வரும். கால் தன்னால இழுத்துக்கும் மிஸ்ஸி’ என்று. நினைத்துப் பார், சுராயா. அவர்கள் வீட்டுப் படியில் விளக்கு இல்லை, எனக்குப் படி தெரிய வேண்டும் என்று கார் லைட்டைப் போட்டுவிட்டுத்தான் இரண்டு தரமும் உள்ளே போனேன். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வலி போல என்று நினைத்து நான் அவன் நெற்றியைத் தடவிவிட்டுக்கொண்டே அந்த ஓட்டுநரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சவுடாவுக்கு இது எதுவும் தெரியாது. புருஷன் அவளிடம் கூடச் சொல்லவில்லை. அவள் கரண்டியோடு வந்து நின்றாள். ‘நான் உங்களுக்கு டீ போட்டுக் குடுத்தேன்’ என்றாள், அவ்வளவுதான். மறுபடி அடுப்படிக்குப் போய்விட்டாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்று, கால் சரியாகும் வரை பொட்டலத்தை எல்லாம் காலையில் நான் கொண்டுபோய்க் கடைகளில் சேர்க்கிறேன் என்று உள்ளே பார்த்துச் சொன்னேன்.  வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அதையே பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கடைத்தெருவில் எல்லார் முன்னாலும் சொன்னேன். கோக் வெங்கை வரவழைக்கச் சொல்லியிருந்தேன், வந்து லாரிமேல் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் சொல்லி முடித்ததும் காப்பிக்கடைக்காரர், சரி விடுங்கள், மிஸ்ஸி தெரியாமல் செய்தது என்றார். எனக்கு அதுதான் அசிங்கமாக இருந்தது, இவனைப் பத்து நாள் பட்டினி போட்டார்கள், என்னை ஒரு நிமிஷத்தில் விட்டுவிட்டார்கள். கோக் வெங் அதைக் கவனித்துவிட்டான். ‘நான் தெரியாம செஞ்சிருந்தா விட்டிருப்பீங்களா?’ என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டான்.  பிறகு என்னிடம், ‘பத்து நாள் முட்டைக்கோஸ் அழுகி நாத்தம் எடுத்துச்சு மிஸ்ஸி. அப்ப ஒரு வார்த்த கேட்டீங்களா?’ என்றான். அப்பா அவனுக்கு ஒரு காப்பி சொன்னார், அவன் குடிக்கவில்லை. இப்போது லாரி பழையபடி வருகிறது, எல்லாருக்கும் இறக்குகிறான். எனக்கு மட்டும் விற்பதில்லை. நான் போய் நின்றால் பின்னால் நிற்கிறவரைக் கூப்பிடுவான். அவன் செய்வது சரிதான், நான் டவுனில் வாங்கிக்கொள்கிறேன். நீ இதற்கு யாரிடமும் சிபாரிசு பேசாதே.

லத்தீப் அடுத்த வாரமே வேறு ஒரு ஜோடி விளக்கு வரவழைத்து மாட்டினான், இடது பக்கம் போகிற ஊருக்கென்று செய்தது, இளமஞ்சள் நிறம், வெளிச்சமும் போதும். அவன் மாட்டி முடித்ததும் நான் ஓட்டவில்லை. அப்பாவை ஓட்டச் சொல்லிவிட்டு ரோட்டில் எதிரே போய் நின்றேன். நின்று பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன், மோட்டார் சைக்கிள் உயரத்துக்குக் குனிந்தும் பார்த்தேன். அப்பாவை ஏழு தரம் போய் வரச் சொன்னேன். லத்தீப், ‘மிஸ்ஸி, பெட்ரோல் தீருது’ என்றான், கோப்பையைக் கழுவிவிட்டு வந்து பேசு என்றேன்.

இப்போது தினமும் காலையில் ஹம்தான் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன், வளைவிலேயே லைட்டை இறக்கி, சத்தம் வராமல் மெல்ல உருட்டிக்கொண்டு போய். சவுடா கூடையைப் பின் சீட்டில் வைத்துவிட்டு முன்னால் ஏறிக்கொள்வாள். பதினோரு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. போகும் வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம், நான் ரோட்டின் பக்கம். நேற்று ஆலை வளைவைத் தாண்டியதும் எதிரே ஒரு வண்டி வந்து லைட்டை இரண்டு தரம் சிமிட்டியது.  ஓரத்தில் நிறுத்தி, இறங்கி ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் ரோட்டில் குந்தி உட்கார்ந்து இரண்டு விளக்கையும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கையால் மறைத்துப் பார்த்தேன், அப்போதும் சரியாகத்தான் இருந்தது. அந்த வண்டிக்காரர் திரும்பி வந்து பக்கத்தில் நிறுத்தினார். பழைய வோக்ஸ்வேகன், நீலம், யாரோ ஈப்போக்காரர். ‘என்னங்க, வண்டி நின்னுடுச்சா?’ என்று கேட்டார். இல்லை, நீங்கள் லைட் அடித்தீர்களே, கண் கூசியதா, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ‘பழைய வண்டியாச்சேன்னு வணக்கம் சொன்னேன்’ என்றார். நான் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்திருந்தேன், சிரிப்பு வரவில்லை. அப்போது சவுடா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். ‘சோறு ஆறுது மிஸ்ஸி, வந்து ஏறுங்க’ என்றாள்.

சரி, இதற்கு மேல் எழுதினால் பெட்டி மூடாது. இந்த விளக்கை அங்கே உன் வண்டிக்கோ வேறு யாருக்கோ மாட்டிக்கொள், அந்த ஊர் ரோட்டுக்கு அது நல்ல விளக்குதான். மாட்டிய அன்றைக்கு மாப்பிள்ளையை ஓட்டச் சொல்லி நீ எதிரே நின்று பார். ஹம்தானுக்கு நீ உன் கைப்பட ஒரு கடிதம் எழுது, என் வழியாக வேண்டாம், நேராக அவன் பேருக்கு. பரிசு எதுவும் அனுப்பாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் இட்ரிஸுக்கும் நீண்ட ஆயுளும் நல்ல கண்ணும் நல்ல வாயும் ஆண்டவன் கொடுக்கட்டும். அப்பா சலாம் சொல்கிறார், இப்போது மருந்துப் பெட்டியின் அடியைக் கூடப் படிக்கிறார். குழந்தையின் காது, மறக்காதே.

உன் அம்மா,
கம்சியா